நோய் எதிர்ப்பு ஒரு சக்தியா?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தினர் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினர். 'நமது உடலின் பாதுகாப்பு' என்பது தலைப்பு. விலங்கியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், இயற்பியல் ஆசிரியனாகிய என்னிடம் 34 கட்டுரைகளையும் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். அவற்றுள் 33 கட்டுரைகள் ஒரே கதையைக் கூறின. வெள்ளையணுக்கள் போர்வீரர்கள்; கிருமிகள் பகைவர்கள்; தோல் கோட்டை மதில்; காய்ச்சல் போர் முரசு. முடிவில் எல்லாரும் தந்த அறிவுரையும் ஒன்றே: 'ஆகவே நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவோமாக!'

எஞ்சிய ஒன்று ஒரு மாணவி எழுதியது. நடை தடுமாறியது; எழுத்துப் பிழைகளும் இருந்தன. ஆனால் நடுவே ஒரு கேள்வி: 'பகைவன் யார் என்று இந்தப் போர்வீரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அடையாளம் தவறிவிட்டால் அவன் யாரை வெட்டுவான்?' கேள்வியோடு அவள் நிறுத்திக்கொண்டாள். நான் ஓரத்தில் 'விடை எங்கே?' என்று சிவப்பு மையால் எழுதி, பரிசை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அத்தீர்ப்பு தவறு என்று இப்போது எண்ணுகிறேன். மாணவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுக்கு அந்தப் படத்தை வரைந்து கொடுத்தவர்கள் ஆசிரியர்களும், பாடநூல்களும், நம்மைப் போன்று அறிவியல் எழுதுவோரும்தாம். ஆகவே, வாசக அன்பர்களே, அந்தப் படத்தையே இங்குச் சற்று உரசிப் பார்ப்போம்.

படம் பிறந்த விதம்

போர்ப் படம் வெறும் கற்பனையில் பிறந்ததன்று. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலறிஞர் மெட்ச்னிக்காப், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். விழுங்கும் அணுக்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானியர் பால் எர்லிக்கும் அவரும் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நுழைந்த பொருளைச் சூழ்ந்து அழிக்கும் ஓர் அமைப்பு நம்முள் உண்டு என்பதை விளக்கப் போர்ப் படம் நன்றாகவே உதவியது. அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே எர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சி விலகும் என்று எழுதினார். பின் வந்தோர் பலர் அதனை 'உடல் தன்னைத் தாக்காது' என்ற விதியாகவே கொண்டுவிட்டனர். 1956இல் இலண்டனில் ராய்ட், டோனியாக், கேம்பல் ஆகியோர், ஹாஷிமோட்டோ நோய் என்னும் தைராய்டு வீக்கமுடையோரின் இரத்தத்தில், அவர்களுடைய சொந்தத் தைராய்டுப் புரதத்தையே பற்றும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினர். தன் உடலைத் தானே தாக்கும் நோய்கள் உண்மையில் உண்டு என்பது தெளிவாயிற்று. முடக்குவாதம், இளம் வயதில் வரும் முதல் வகை நீரிழிவு, லூப்பஸ் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. இவற்றைத் 'தன்னெதிர்ப்பு நோய்கள்' என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

சொல்லின் குற்றம்

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'இம்யூனிட்டி' என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. வரி, கடமை முதலியவற்றிலிருந்து விலக்குப் பெற்ற நிலை என்பது அதன் பழம்பொருள். ஒரு முறை அம்மை கண்டவருக்கு மீண்டும் வராது; அவர் விலக்குப் பெற்றவர். இதில் வலிமை என்ற பேச்சே இல்லை. தமிழில் நாம் அதனை 'நோய் எதிர்ப்புச் சக்தி' ஆக்கிக்கொண்டோம்.

இயற்பியல் படித்தவன் 'சக்தி' என்ற சொல்லைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்பான். எந்த அலகில் அளப்பது? எவ்வளவு சேர்த்து வைக்கலாம்? நோய் எதிர்ப்புக்கு இவ்விரண்டு கேள்விகளும் பொருந்தா. அதனை ஒரே எண்ணால் அளக்கும் கருவி இல்லை. தொட்டியில் நீர் போல் நிரப்பி வைக்கவும் முடியாது. ஆயினும் 'சக்தி' என்று சொன்னவுடன் 'கூட்டினால் நல்லது' என்ற எண்ணம் தானே வந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கடைத்தெருவெங்கும் இந்த எண்ணமே விற்பனையாயிற்று. கோயம்புத்தூரில் ஓர் இனிப்புக் கடைக்காரர் கொரோனாவைப் போக்கும் மூலிகை மைசூர்பாகு என்று விளம்பரம் செய்ய, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அக்கடையை மூடி முத்திரையிட்டனர்.

சிரிக்கலாம், ஆனால் நானும் ஏமாந்தவன்தான். அதே ஆண்டில் என் அக்காவுக்குக் காலை வேளைகளில் விரல்கள் மடங்கவில்லை. கோல மாவைக் கிள்ளி எடுக்க முடியாமல் தவித்தார். 'உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை' என்று அக்கம்பக்கத்தார் கூறினர். எம்.எஸ்ஸி. படித்த நானே சத்து மாவு டப்பாக்களை வாங்கி அடுக்கினேன். பிறகு மருத்துவர் முடக்குவாதம் என்று கண்டறிந்து, வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரை எழுதித் தந்து, 'இது எதிர்ப்பைச் சற்றுத் தணிக்கும்' என்றார். அம்மா பதறிவிட்டார். 'ஊரெல்லாம் சக்தியைக் கூட்டச் சொல்கிறார்கள்; என் பெண்ணுக்கு மட்டும் குறைப்பதா?' மாத்திரைகள் அலமாரியிலேயே கிடந்தன. அம்மாவுக்கு விடை சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவ்வாறு எட்டு மாதங்கள் போயின. அதற்குள் இரண்டு விரல் மூட்டுகள் நிமிராதபடி வளைந்துவிட்டன. ஒரு சொல் இவ்வளவு செய்யும்.

சந்தையில் மாடு வாங்குவது போல

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையை இப்போது காண்போம்.

நமது பாதுகாப்பில் முக்கியப் பங்கு கொள்பவை டி-செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். நெஞ்சுக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளர்வதால் அவற்றுக்கு இப்பெயர். உடலின் பிற உயிரணுக்கள் தம்முள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. டி-செல் தன் ஏற்பியால் அத்துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமது சொந்தப் புரதத் துண்டுகள். அவற்றின் நடுவே கிருமியின் துண்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே இருந்தாலும் அது கண்டுபிடித்துவிடுகிறது. எப்படி?

சொந்தத் துண்டு ஏற்பியில் ஒட்டினால் விரைவில் விலகிவிடும். அந்நியத் துண்டு இன்னும் சிறிது நேரம் ஒட்டியிருக்கும். வேறுபாடு இவ்வளவுதான். இச்சிறு வேறுபாட்டைப் பெரிதாக்குவதே நொதிகளின், அதாவது என்சைம்களின், வேலை. துண்டு ஒட்டியிருக்கும்போது நொதிகள் ஏற்பியின் உட்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாஸ்பேட் தொகுதிகளை இணைக்கின்றன. எல்லாப் படிகளும் முடிந்த பிறகே 'விழித்தெழு' என்ற செய்தி செல்லின் உள்ளே போகும். இடையில் துண்டு விலகிவிட்டால், வேறு நொதிகள் பாஸ்பேட்டுகளைத் துடைத்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சந்தையில் மாடு வாங்குபவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், ஏரில் பூட்டியும் பார்ப்பார். ஒரே பார்வையில் விலை பேசுவதில்லை. டி-செல்லும் அப்படியே.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஆறு படிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு படியையும் சொந்தத் துண்டு கடக்கும் வாய்ப்பு 0.5, அந்நியத் துண்டு கடக்கும் வாய்ப்பு 0.9. இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. ஒரு படியில் இரண்டுக்கும் இரண்டு மடங்கு வேறுபாடுகூட இல்லை. ஆறு படிகளுக்குப் பின்? 0.5ஐ ஆறு முறை பெருக்கினால் 0.016, 0.9ஐ ஆறு முறை பெருக்கினால் 0.53. நூற்றுக்கு 53 அந்நியத் துண்டுகள் தேறுகின்றன. சொந்தத் துண்டுகள் இரண்டு கூடத் தேறவில்லை. வேறுபாடு 34 மடங்கு!

இப்போது 'சக்தியைக் கூட்டுவோம்.' பாஸ்பேட் இணைக்கும் நொதிகளின் வேகத்தை நான்கு மடங்காக்குவோம். துண்டு விலகும் வேகம் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் அந்நியத் துண்டின் வாய்ப்பு 0.9இலிருந்து 0.97 ஆகும், சொந்தத் துண்டின் வாய்ப்பு 0.5இலிருந்து 0.8 ஆகும். ஆறு படிகளுக்குப் பின் அந்நியம் நூற்றுக்கு 85. சொந்தம் நூற்றுக்கு 26. வேறுபாடு 34 மடங்கிலிருந்து மூன்று மடங்காகச் சுருங்கிவிட்டது. கிருமியைக் கண்டறிவதில் கிடைத்த இலாபம் கொஞ்சம். தன்னையே பகையாகக் காணும் ஆபத்தோ ஏறத்தாழ பதினேழு மடங்கு. தரகர் அவசரப்படுத்தினால் கழிக்க வேண்டிய மாடும் கைக்கு வந்துவிடும்.

காலத்தைப் பயன்படுத்திப் பிழை திருத்தும் இம்முறையை 1974இல், உயிரணு புரதம் தயாரிப்பதை விளக்க, முதலில் எடுத்துரைத்தவர் ஜான் ஹாப்பீல்டு என்னும் இயற்பியலறிஞர். வேறொரு பணிக்காக 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தாம். 1995இல் மக்கீத்தன் என்பவர் இக்கருத்தை டி-செல்லுக்குப் பொருத்திக் காட்டினார். மாணவியின் கேள்விக்கு விடை இதுவே: பகைவன் யார் என்று டி-செல்லுக்கு ஒருவரும் சொல்லித் தருவதில்லை. தைமஸில் முதல் வடிகட்டல் நடக்கிறது. மீதியை நொதிகளின் வேகமும் நிதானமும் தீர்மானிக்கின்றன.

பூட்டும் சாவியும் ஒரே பாஸ்பேட்

இந்த நொதிகளுள் சிலவற்றை அறிமுகம் செய்துகொள்வோம். முதற்படியில் பாஸ்பேட்டை இணைப்பது எல்.சி.கே. என்னும் நொதி. அடுத்து வருவது ஜாப்-70. எல்.சி.கே. தன் விருப்பப்படி ஓடாதவாறு, சி.எஸ்.கே. என்னும் மற்றொரு நொதி அதன் வால்புறத்தில் ஒரு பாஸ்பேட்டை வைத்துப் பூட்டுகிறது. சி.டி.45 என்னும் நொதி அந்தப் பாஸ்பேட்டை எடுத்துப் பூட்டைத் திறக்கிறது. பி.டி.பி.என்.22 என்னும் ஜீன் தரும் நொதியோ, எல்.சி.கே., ஜாப்-70 ஆகியவற்றை இயக்கும் பாஸ்பேட்டைத் துடைத்து அவற்றை அடக்குகிறது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். 'பாஸ்பேட் சேர்த்தால் இயக்கம், நீக்கினால் நிறுத்தம்' என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம். எல்.சி.கே.யின் 394ஆம் இடத்தில் பாஸ்பேட் சேர்ந்தால் இயக்கம். 505ஆம் இடத்தில் சேர்ந்தால் பூட்டு. பொருள் ஒன்றே, இடம் வேறு. செல்லின் உட்பகுதியில் கால்சிநியூரின் என்னும் நொதி பாஸ்பேட்டை நீக்குவதாலேயே டி-செல் விழிக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உண்ணும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து தடுப்பது இந்நொதியைத்தான். ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட அம்மருந்து 1980களில் பரவலான பின்னரே உறுப்பு மாற்று சிகிச்சை நம்பத்தக்கதாயிற்று.

ஆய்வு காட்டிய இரண்டு எச்சரிக்கைகள்

2006 மார்ச் 13 அன்று இலண்டனில் ஒரு புதிய மருந்தை நலமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். அம்மருந்து டி-செல்லின் சோதனைப் படிகளைத் தாண்டி நேராக அதனை எழுப்பக்கூடியது. விலங்குகளிடம் தீங்கற்றது என்று கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. ஒரு நாளுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடினர். அனைவரும் பிழைத்தனர், ஆனால் ஒருவருக்கு விரல்கள் பறிபோயின. கிருமி ஒன்றுமில்லை. தூண்டப்பட்டது எதிர்ப்பு மட்டுமே.

இரண்டாவது, 2020 ஜூன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் நடத்திய பெரிய ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அம்மருந்தின் வேலை எதிர்ப்பைத் தணிப்பது! ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதனால் பயன் இல்லை. ஊர் முழுவதும் 'சக்தி' விற்ற அதே மாதங்களில், மருத்துவமனையில் உயிர்களைக் காத்தது தணிப்பு மருந்து. இந்த முரண்பாட்டை எத்தனை பேர் மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னோம்?

தடை என்ற படமும் போதாது

'அப்படியானால் எதிர்ப்பைக் குறைப்பதுதான் நல்லதா?' என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அன்று. போர்ப் படத்தைக் கைவிட்டு 'முடுக்கியும் தடையும்' என்ற மோட்டார் வண்டிப் படத்தை மாட்டினாலும் உண்மை முழுதும் அதற்குள் அடங்காது. மூன்று சான்றுகள் தருகிறேன்.

ஒன்று: ஜப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சியின் குழுவினர் 2003இல் ஒரு வகைச் சுண்டெலியைப் பற்றி எழுதினர். அதன் ஜாப்-70 நொதியில் பிழை. செய்தி வலுவிழந்து போகிறது. எனவே எதிர்ப்பு குறைய வேண்டும். ஆனால் அந்த எலிக்கு வந்தது முடக்குவாதம்! காரணம்: தைமஸில் சொந்த உடலோடு அதிகம் ஒட்டும் டி-செல்களைக் கண்டுபிடித்து அழிக்கவும் அதே செய்திதான் வேண்டும். அது வலுவிழந்ததால், கழிக்கப்பட வேண்டியவை தப்பி வெளியே வந்துவிட்டன. இதே சகாகுச்சி, எதிர்ப்பை அடக்கி ஆளும் தனி டி-செல்களை 1995இல் அடையாளம் கண்டவர். அப்பணிக்காக மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு: பி.டி.பி.என்.22 தரும் நொதியில் 620ஆம் இடத்து அமினோ அமிலம் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோபேன் ஆக இருப்பவர்களுக்கு முதல் வகை நீரிழிவும் முடக்குவாதமும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று 2004இல் கண்டறிந்தனர். அம்மாற்றம் நொதியை வலுப்படுத்துகிறது என்றன சில சோதனைகள். வலுவிழக்கச் செய்கிறது என்றன வேறு சில. இதனை 'நோயின் ஜீன்' என்று எழுதுவதும் தவறு. ஒரு நோய் 200 பேரில் ஒருவருக்கு வருகிறது எனக் கொள்வோம். வாய்ப்பு இரு மடங்கானால் 100 பேரில் ஒருவருக்கு வரும். மற்ற 99 பேர் அதே ஜீனுடன் நலமாகவே வாழ்வர். மேலும், வட ஐரோப்பியரிடம் பரவலான இம்மாற்றம் கிழக்கு ஆசிய மக்களிடம் ஏறத்தாழ இல்லை. ஆயினும் அங்கும் முடக்குவாதம் உண்டு.

மூன்று: டி.ஒய்.கே.2 என்ற நொதி. இதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உடையோருக்குப் பல தன்னெதிர்ப்பு நோய்கள் வரும் வாய்ப்புக் குறைவு. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெற்றவர்களைக் காசநோய் எளிதில் பற்றுகிறது என்று 2018இல் தெரியவந்தது. ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் உயரும் தராசு இது. இந்நொதியைத் தணிக்கும் மருந்து ஒன்று 2022இல் அமெரிக்காவில் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இத்தகைய மருந்து தொடங்குமுன் காசநோய் உண்டா என்று மருத்துவர் சோதிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

நாம் செய்ய வேண்டுவன

'சக்தி' என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வழக்கில் ஊன்றிய சொல்லை ஒருவர் பிடுங்கி எறிய முடியாது. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு வரி சேர்க்கலாம்: 'இது பெருக்கும் பொருளன்று, ஒழுங்கு.' தடுப்பூசிகூட இதற்கு விலக்கன்று. அது சக்தியை மொத்தமாகக் கூட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தை நினைவில் பதிக்கிறது. நல்ல உணவும் உறக்கமும் உடலுக்கு வேண்டியவையே. அவை குறைந்தால் ஒழுங்கு கெடும். ஆனால் குறையை நிரப்புவது வேறு. நிரம்பிய பின்னும் கொட்டுவது வேறு.

அன்பர்களே, இனி 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று யாரேனும் எழுதினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைக் கூட்டும்? எதற்கு எதிராக? கூடிய பின் எது நிறுத்தும்? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லாத கட்டுரைக்கு, அது எவ்வளவு அழகிய தமிழில் இருந்தாலும், முழு மதிப்பெண் தராதீர்கள்.

என் அக்கா இப்போது மாத்திரையை ஒழுங்காக உண்கிறார். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார். நோய் அடங்கியிருக்கிறது. வளைந்த இரண்டு விரல்கள் வளைந்தபடியே உள்ளன. மற்ற விரல்களால் கோலமிடக் கற்றுக்கொண்டார்.

அந்த மாணவியின் கட்டுரைத் தாளை எடுத்து, 'விடை எங்கே?' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, 'நல்ல கேள்வி. விடை தேட வேண்டியவர் ஆசிரியர்' என்று திருத்தி அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.